எருக்குழியில் பாடம் கற்ற விஞ்ஞானி

தில்லியில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்குப் பூசா என்ற பெயர் புதிதன்று. பூசா சாலை வழியாகப் பேருந்தில் போகாதவர் நம்மில் இரார். ஆயினும் பூசா என்பது தில்லிக்கு உரிய பெயரன்று. பீகாரில் கங்கைக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. கர்ஸன் பிரபு வைசிராயாக இருந்தபோது, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையின் துணையால், 1905-ஆம் ஆண்டு அங்கே ஒரு பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தில் அதன் கட்டடம் சிதைந்தது. 1936-இல் நிலையம் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. ஊரை விட்டு வந்தும் ஊர்ப் பெயரை அது விடவில்லை. அந்த வகையில் அதுவும் நம்மைப் போலத்தான்.

அந்தப் பழைய பூசாவில் 19 ஆண்டுகள் உழைத்த ஒருவரின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர் ஸர் ஆல்பர்ட் ஹோவர்ட். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிப் படிக்கும் மாணவன் நான். எங்கள் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் ஓரிரு வரிகளில் வந்து போகிறது. இயற்கை வேளாண்மையில் பற்றுக் கொண்டவர்களோ அவரை ஒரு முனிவராகவே போற்றுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உண்மையான மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரை அறிந்துகொள்வது நமக்கு இன்றும் பயன் தரும் என்பது என் எண்ணம்.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் மேற்கு எல்லையில் உள்ள ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், பிஷப்ஸ் காஸில் என்னும் ஊரில், 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஹோவர்ட் பிறந்தார். தந்தை விவசாயி. ஏரும் மாடும் எருவும் அவர் பிறந்தது முதல் கண்டு பழகிய பொருள்கள். லண்டனில் விஞ்ஞானக் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்துத் தேர்ந்தார்.

அவர் பிள்ளைப் பருவத்தில் இருந்த காலம் மண் விஞ்ஞானத்தின் பொற்காலம். அதுவரையில் மண்ணை ஓர் உப்புப் பெட்டி என்றே ரசாயன அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். பயிர் எடுத்துச் செல்லும் உப்புகளைக் கணக்கிட்டு, அதே அளவு திரும்பப் போட்டால் போதும் என்பது அவர்கள் கொள்கை. 1880-ஆம் ஆண்டுகளில் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. பயறு, அவரை போன்ற செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன என்று ஜெர்மனியில் கண்டறிந்தார்கள். மரங்களின் வேரோடு பூசண இழைகள் பின்னிப் பிணைந்து வாழ்கின்றன என்பதும் அப்போதுதான் விளங்கியது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவையும் உயிருள்ள பாக்டீரியாக்களே என்று 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் நிலைநாட்டினார். உப்புப் பெட்டிக்குள் ஓர் உலகமே வாழ்வது தெரிந்தது. நல்ல நிலத்து மண் ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும்.

படிப்பு முடிந்ததும் ஹோவர்டுக்கு மேற்கிந்தியத் தீவுகளில் வேலை கிடைத்தது. 1899 முதல் பார்படோஸ் தீவில் கரும்பு முதலிய பயிர்களின் பூசண நோய்களை ஆராய்ந்தார். அங்கேதான் அவர் மனத்தில் ஒரு முள் தைத்தது. நோயைப் பற்றி எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் தாம் சொல்லும் மருந்தைத் தாமே பயிரிட்டுச் சோதித்துப் பார்க்க ஒரு காணி நிலமும் இல்லை. தான் செய்து பாராததை விவசாயிக்கு எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

பிறகு சில ஆண்டுகள் இங்கிலாந்தின் வை கல்லூரியில் ஹாப் கொடிகளை ஆராய்ந்தார். 1905-இல் இந்திய அரசாங்கத்தின் பொருளாதாரத் தாவர நூல் அறிஞராகப் பூசாவுக்கு வந்து சேர்ந்தார்.

காப்ரியேல் என்ற துணை

அதே ஆண்டு பம்பாயில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் காப்ரியேல் மத்தாயி. கேம்பிரிட்ஜில் இலைகள் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் முறையை ஆராய்ந்து, ஹோவர்டை மணக்குமுன்பே விஞ்ஞான உலகில் பெயர் பெற்றவர் அவர். பூசாவில் கணவரோடு வயலில் இறங்கி உழைத்தார். 1913-இல் அரசாங்கம் அவரையே இரண்டாவது தாவர நூல் அறிஞராக நியமித்தது. பெண்கள் இத்தகைய பதவியை எண்ணிப் பாராத காலம் அது.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து இந்தியக் கோதுமைகளை ஆராய்ந்து 1909-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய பூசா 4, பூசா 12 என்ற கோதுமை வகைகள் வட இந்திய வயல்களில் பரவின. இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாலும் ஹோவர்ட் தம்பதிகளின் பெயர் நின்றிருக்கும்.

ஆனால் ஹோவர்ட் வேறு ஒன்றைக் கண்டார். நல்ல விதை மட்டும் போதாது. கெட்ட மண்ணில் போட்ட நல்ல விதை, வறுமையில் வளர்ந்த அறிவாளிப் பிள்ளை போலப் பாதி பலனே தரும். நிலையத்தாரிடம் வேண்டி ஏறக்குறைய 75 ஏக்கர் நிலத்தைத் தமக்கென்று பெற்றார். பார்படோஸில் கிட்டாதது பூசாவில் கிட்டியது.

யாரிடம் கற்றார்?

நிலம் கிடைத்ததும் அவர் செய்த காரியம் அக்காலத்து வெள்ளை அதிகாரிகள் சாதாரணமாகச் செய்யாதது. பூசாவைச் சுற்றியிருந்த குடியானவர்களின் வயல்களை உற்றுப் பார்த்தார். பூச்சிமருந்தும் செயற்கை உரமும் கண்டறியாத அந்த வயல்களில் பயிர்கள் பெரும்பாலும் நோயின்றி நின்றன. தானியத்தோடு துவரை, கடலை போன்ற பருப்புப் பயிர்களைக் கலந்து விதைக்கும் பழக்கம் அங்கே தொன்றுதொட்டு இருந்தது. வேர் முடிச்சுப் பாக்டீரியாவை ஐரோப்பா கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் பயனைப் பீகார்க் குடியானவன் பல தலைமுறைகளாக அனுபவித்து வந்தான்! அந்தக் குடியானவர்களையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் பூசணங்களையுமே தம் ஆசிரியர்களாகக் கொண்டதாக ஹோவர்ட் பின்னாளில் எழுதினார். பூச்சியும் பூசணமும் பகைவர் அல்லர். வளர்ப்பில் எங்கோ பிழை இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் தணிக்கைக்காரர்கள் என்பது அவர் கருத்து.

மழைக்காலத்தில் கங்கைச் சமவெளி மண் நீரில் ஊறி இறுகிவிடும். அப்போது அவுரிச் செடி வாடுவதையும், மடக்கி உழுத பசுந்தாள் உரம் பலன் தராமல் போவதையும் தம்பதிகள் ஆராய்ந்தார்கள். காரணம் மண்ணுக்குக் காற்று இல்லாமை. வேரும் மூச்சு விடுகிறது. பெரும்பாலான நல்ல நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. காற்று அடைபட்டால் வேர் அழுகும். நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். மண்ணுக்கு வடிகாலும் காற்றும் உணவைப் போலவே முக்கியம் என்று அவர்கள் 1910-களிலேயே எழுதினார்கள். இன்று நாங்கள் ஆராய்ச்சிச்சாலையில் கருவிகளை வைத்து அளப்பதை அவர்கள் மண்வெட்டியால் வேரைத் தோண்டிப் பார்த்தே உணர்ந்தார்கள்.

பூசாவில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வேலி இருந்தது. பயிர் ஒருவருக்கு, மண்ணின் ரசாயனம் ஒருவருக்கு, பூச்சி ஒருவருக்கு, பூசணம் ஒருவருக்கு, பாக்டீரியா இன்னொருவருக்கு. பயிருக்கோ இந்த வேலிகள் தெரியா. பயிரை முழுமையாக ஆராய அங்கே இடமில்லை என்று கண்ட ஹோவர்ட், இந்திய மத்தியப் பருத்திக் குழுவிடமும் மத்திய இந்திய சமஸ்தானங்களிடமும் பொருள் திரட்டி, இந்தூரில் ஒரு புதிய நிலையத்தை அமைத்தார். 1924 முதல் 1931 வரை அதன் தலைவராக இருந்தார்.

இந்தூர்க் குழி

இந்தூரில் பிறந்ததுதான் அவர் பெயரை உலகறியச் செய்த மக்கு எரு முறை. சீன நாட்டுக் குடியானவர்கள் கழிவு எதையும் வீணாக்காமல் மண்ணுக்குத் திருப்பித் தருவதைப் பற்றி அமெரிக்க அறிஞர் எப். எச். கிங் 1911-இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருந்தார். அதைப் படித்து ஊக்கம் பெற்ற ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்ற இந்திய ரசாயன அறிஞரோடு சேர்ந்து, அந்தப் பழக்கத்தை அளவும் கணக்கும் உள்ள ஒரு முறையாக வகுத்தார்.

முறை எளியது. சுமார் 30 அடி நீளமும் 14 அடி அகலமும் இரண்டு மூன்று அடி ஆழமும் உள்ள குழி வெட்ட வேண்டும். அதில் பருத்திக் குச்சி, வைக்கோல், களை, சருகு ஆகியவற்றைப் பரப்ப வேண்டும். மேலே சாணம், அதன்மேல் மாட்டு மூத்திரம் ஊறிய தொழுவத்து மண், கொஞ்சம் சாம்பல். இப்படி அடுக்கடுக்காகப் போட்டு நீர் தெளிக்க வேண்டும். மிதித்து அமுக்கக் கூடாது. காற்று புக வேண்டும். சில நாள்களில் குழி 60 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடேறும். இரண்டு மூன்று முறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் கரிய, மணமுள்ள, உதிரும் எரு கிடைக்கும்.

தஞ்சை மாவட்டத்து எங்கள் ஊரிலும் எருக்குழி உண்டு. தாத்தா வீட்டுக் கொல்லையில் சாணமும் சாம்பலும் குப்பையும் ஆண்டு முழுவதும் விழும். கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். அப்படியானால் ஹோவர்ட் புதிதாக என்ன செய்தார் என்று கேட்கலாம். திறந்த குழியில் சாணம் வெயிலில் காய்கிறது. மழையில் கரைந்து ஓடுகிறது. மூத்திரமோ தொழுவத்திலேயே வீணாகிறது. நைட்ரஜனில் பெரும்பகுதி இவ்வாறு தொலைகிறது. அதைத் தடுப்பதற்கு நுண்ணுயிர்களின் சாப்பாட்டுக் கணக்கை ஹோவர்டும் வாட்டும் அறிந்திருந்தார்கள்.

அந்தக் கணக்கு இதுதான். நுண்ணுயிருக்குக் கரி என்ற கார்பன் சோறு, நைட்ரஜன் பருப்பு. வைக்கோலில் சோறு மிகுதி, பருப்பு குறைவு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60 பங்குக்கும் மேலாகக் கார்பன் இருக்கும். சாணத்திலும் மூத்திரத்திலும் நைட்ரஜன் அதிகம். இரண்டையும் கலந்து 33-க்கு 1 என்ற அளவில் தொடங்கினால் நுண்ணுயிர்கள் செழித்து வேலை செய்யும். கார்பனில் பெரும்பகுதி காற்றில் கலந்துபோக, முடிவில் சுமார் 10-க்கு 1 என்ற அளவு வரும். அந்த எருவைத்தான் பயிர் தடையின்றி ஏற்கும். இந்தக் கணக்கை விட்டுவிட்டு வெறும் வைக்கோலை வயலில் புதைத்தால், நுண்ணுயிர்கள் பருப்புக்காக மண்ணின் நைட்ரஜனையே தின்றுவிடும். அடுத்து விதைத்த பயிர் மஞ்சளித்துப் போகும்.

1930-இல் காப்ரியேல் காலமானார். துணையை இழந்த ஹோவர்ட் 1931-இல் பதவியை விட்டு இங்கிலாந்து திரும்பினார். அவ்வாண்டு வாட் அவர்களோடு எழுதிய நூல் வெளிவந்து, இந்தூர் முறை பல நாட்டுத் தோட்டங்களுக்கும் பரவியது. 1935-இல் காந்தியடிகள் இந்தூர் நிலையத்துக்கு வந்து இந்த எருக்குழிகளைப் பார்வையிட்டார்.

உணவும் உடல்நலமும்

1934-இல் ஸர் பட்டம் பெற்ற ஹோவர்ட், ஓய்வை நாடவில்லை. காப்ரியேலின் தங்கை லூயிஸை மணந்து, அவர் துணையோடு எழுத்திலும் பிரசாரத்திலும் இறங்கினார். 1940-இல் வெளிவந்த அவருடைய விவசாய சாசனம் உலகப் புகழ் பெற்றது. வளமான மண், வளமான பயிர், நலமான கால்நடை, நலமான மனிதன் ஆகிய நான்கும் ஒரே சங்கிலி என்பது அவர் முடிவு. வேரோடு பிணைந்த பூசண இழைகளே மண்ணையும் செடியையும் இணைக்கும் உயிர்ப் பாலம் என்றும், மக்கு எரு அந்தப் பாலத்தை வலுவாக்கும் என்றும் அவர் வாதித்தார். ரசாயன உரத்தை மட்டும் நம்பும் போக்கைக் கடுமையாகச் சாடினார்.

இந்தச் சங்கிலியில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு கண்ணி உண்டு. குன்னூரில் உணவுக் குறைபாடுகளை ஆராய்ந்த ராபர்ட் மக்கரிஸனும், கோயம்புத்தூரில் விவசாய ரசாயன அறிஞராக இருந்த பி. விஸ்வநாத்தும் 1926-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தொழு உரம் இட்டு விளைந்த தானியத்துக்கு, ரசாயன உரம் இட்டு விளைந்ததைவிட ஊட்ட சக்தி அதிகம் என்று அதில் கண்டார்கள். 1939-இல் இங்கிலாந்தில் செஷயர் மாவட்ட மருத்துவர்கள் உணவும் நோயும் பற்றிக் கூட்டிய கூட்டத்தில் ஹோவர்டும் மக்கரிஸனும் ஒரே மேடையில் பேசினார்கள். விஸ்வநாத் பின்னர் தில்லிக்கு வந்துவிட்ட பூசா நிலையத்தின் முதல் இந்தியத் தலைவரானார். கோவையில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் நூறாண்டு கடந்தும் நடந்து வருகிறது.

இங்கே ஒரு விஞ்ஞான மாணவன் என்ற முறையில் நான் தராசைக் கையில் எடுக்க வேண்டியவனாகிறேன். ஹோவர்ட் சொன்னவற்றில் எல்லாம் சம எடை இல்லை. பூசாவில் தம் மாடுகள் வேலிக்கு அப்பால் நோய் கண்ட மாடுகளோடு மூக்கை உரசியும் கோமாரி நோய் தொற்றவில்லை என்றும், அதற்குக் காரணம் நல்ல தீவனமே என்றும் அவர் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு மாடுகளை வைத்துச் செய்த சோதனை அன்று அது. அதை நிரூபணம் என்று ஏற்க முடியாது. கோமாரிக்குத் தடுப்பூசிதான் காப்பு. எருவிட்ட உணவுக்கும் உரமிட்ட உணவுக்கும் சத்தில் உள்ள வேற்றுமையைப் பின்வந்தோர் பலமுறை ஆராய்ந்தார்கள். சிலவற்றில் சிறு வேற்றுமை தெரிந்தது, பலவற்றில் தெரியவில்லை. 1960-களுக்குப் பிறகு ரசாயன உரம் இன்றி இந்தியா தன் மக்களுக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் அவர் கூற்றின் நடுத்தண்டு முறியவில்லை. பூசண இழைகள் பெரும்பாலான நிலத் தாவரங்களின் வேரோடு கூடி வாழ்ந்து பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் தேடிக் கொடுப்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. மக்கு குறைந்த மண்ணில் நுண்ணுயிர் குறையும், நீர் நில்லாது, போட்ட உரமும் தங்காது. மண்ணிலிருந்து எடுப்பதைத் திருப்பித் தராத விவசாயம் முதலை எடுத்துச் செலவழிக்கும் வியாபாரம் என்ற அவருடைய எச்சரிக்கை பொய்க்கவில்லை.

இன்னொரு கணக்கும் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்தூர் முறைக்கு ஹோவர்ட் என்ற ஒரே பெயரைச் சூட்டுவது முறையன்று. காப்ரியேல் இல்லாமல் பூசா இல்லை. வாட் இல்லாமல் இந்தூர்க் கணக்கு இல்லை. பெயர் தெரியாத குடியானவர்கள் இல்லாமல் எதுவுமே இல்லை. தாம் அவர்களிடம் கற்றதை ஹோவர்ட் மறைக்காமல் சொன்னார் என்பது அவர் பெருமை. அவர்கள் பெயரை எழுதி வைக்க ஒருவரும் முற்படவில்லை என்பது அந்நிய ஆட்சியின் சிறுமை.

பூசாவிலிருந்து பூசாவுக்கு

1947-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்று இரண்டு மாதம் கழித்து, ஹோவர்ட் லண்டனில் காலமானார். அவர் கேட்ட கேள்வி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி கார்த்திகையில் தில்லிக்கு வந்து நம் கண்ணைக் கரிக்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த வயலில் அரிதாளுக்குத் தீ வைக்கிறார்கள். வாகனப் புகையும் தூசியும் பனியும் அதனோடு சேர, தில்லி வானம் இருண்டுபோகிறது. நுண்ணுயிர்களுக்குச் சோறாக வேண்டியது நம் நெஞ்சுக்குப் புகையாகிறது.

விவசாயியைத் திட்டுவது எளிது. அவர் நிலைமையைப் பார்க்க வேண்டும். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே அவருக்குக் கிடைப்பவை சில வாரங்களே. இயந்திரம் அறுத்தபின் நிற்கும் தாளை அகற்ற ஆளும் இல்லை, பொருளும் இல்லை. தில்லிப் பூசா நிறுவனம் தாளை மக்கச் செய்யும் பூசணங்களைச் சேர்த்து ஒரு மருந்து தயாரித்திருக்கிறது. 2020 முதல் தில்லி வயல்களில் அதைத் தெளித்துப் பார்த்தார்கள். அதற்கும் ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். ஈரமும் நைட்ரஜனும் வேண்டும். இந்தூர்க் குழிக்கு மூன்று மாதம் வேண்டியிருந்ததை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் நுண்ணுயிருக்கு நம் அவசரம் தெரியாது. அதற்குரிய காலத்தைப் பயிர் முறையிலும் விலைக் கொள்கையிலும் நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். குடியானவனுக்கு நட்டம் வராத வகையில் கொடுக்க வேண்டும்.

நண்பர்களே! நம்மில் ரசாயனம் படிப்பவர் உண்டு. பொருளாதாரம் படிப்பவர் உண்டு. சட்டம் படிப்பவரும் உண்டு. பழைய பூசாவில் இருந்த வேலிகள் நம் வகுப்பறைகளுக்கு நடுவேயும் இருக்கின்றன. அரிதாள் என்ற இந்த ஒரு கேள்விக்கு விடை காண எல்லாரும் வேண்டும். விடுமுறைக்கு ஊர் போகும்போது, உங்கள் வீட்டுக் கொல்லையில் எருக்குழி இன்னும் இருந்தால், அதில் எதை, எந்த அளவில், எத்தனை நாள் போடுகிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். அடுத்த மலரில் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து வெளியிடலாம். சொன்னவர் பெயரையும் மறவாமல் எழுதி வாருங்கள்.